ஸ்டார்ட்அப் ரிப்பேரா, ரீசெட்டா?

கணினியை ஆன் செய்ததும் விண்டோஸ் வராமல் நீலத் திரையில் பிழைச் செய்தி வந்து நிற்கிறதா? தொடர்ந்து இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் விண்டோஸ் 10, 11 இரண்டுமே பெரும்பாலும் தாமாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போய்விடும். அங்கே 'டிரபிள்ஷூட்' பகுதியில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், ரீசெட் என்ற இரண்டு வழிகள் இருக்கும்.

ஸ்டார்ட்அப் ரிப்பேர், விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்புகளையும் பூட் அமைப்புகளையும் மட்டும் சரிபார்த்துத் திருத்தும். உங்கள் படங்களையோ கணக்குகளையோ தொடாது. அதனால் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போய் பூட் கோப்பு கெட்டிருந்தால் இதிலேயே சரியாகிவிடலாம்.

ரீசெட் அப்படியல்ல, விண்டோஸையே புதிதாகப் போடுகிறது. 'கீப் மை ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால் சொந்தக் கோப்புகள் தப்பும். ஆனால் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும், எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் ஒன்றும் மிஞ்சாது. மணிக்கணக்கில் ஆகலாம் என்பதால் லேப்டாப்பில் சார்ஜரைச் செருகிவிட்டே தொடங்குங்கள். டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணும் கேட்கும். அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் இரண்டையுமே தொடாதீர்கள். உடனே ஆஃப் செய்து, கோப்புகளை மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ரீசெட் அந்த டிஸ்க்கின் மேல் மேலும் எழுதும். குழந்தையின் பிறந்தநாள் படங்கள் அதோடு போய்விடும்.