இலவச பிரஷர் முகாம்: அப்பாவின் மாத்திரையை நிறுத்த வைத்த கூட்டம்

வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு வாரம் "இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை" நடத்திவிட்டுப் போன கூட்டம், இந்நேரம் வேறு ஏதாவது ஊரில் கடை விரித்திருக்கும்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்லோடிபின், அட்டெனலால் இரண்டும் சேர்ந்த மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறார். பிரஷர் 130-ஐ ஒட்டியே நிற்கும். அன்று மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவரை உட்கார வைத்த கையோடு, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "தூக்கம் வருதாங்கய்யா? பசங்க என்ன பண்றாங்க?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்திருக்கிறார்கள். 172/100. இந்த லட்சணத்தில் அளந்தால் ஜிம்முக்குப் போகிற பையனுக்கும் பிரஷர் இருப்பதாகத்தான் காட்டும். ஐந்து நிமிடமாவது அமைதியாக, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். காபியோ பீடியோ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பட்டை வெறும் கையில், நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அப்படி அளந்தும் வேறு வேறு நாட்களில் 140/90-க்கு மேல் காட்டினால்தான் உயர் ரத்த அழுத்தம் என்றே டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

அடுத்துச் செய்ததுதான் படு சாமர்த்தியம். "இத்தனை வருஷம் மாத்திரை போட்டும் 172. இது கிட்னியைத்தான் காலி பண்ணும். ரெண்டு நாள் நிறுத்திட்டு, எங்க லேகியத்தை மட்டும் சாப்பிட்டுட்டு வாங்க." ரெண்டு நாள் கழித்துப் போனபோது ஏசி அறையில் சாய்வு நாற்காலி, சத்தமில்லாமல் இருபது நிமிடம் ஓய்வு. அப்புறம் அளந்தால் 138/84. அப்பா அசந்துபோனார். மூன்று மாதக் கோர்ஸ் 14,500 ரூபாய் என்றதும் எண்ணிக் கொடுத்துவிட்டார்.

அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். முழுக்க வெளியேற ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதாவது அந்த 138, அப்பா ஏற்கெனவே விழுங்கியிருந்த, அட்டை சில பத்து ரூபாய் விலையுள்ள மாத்திரையின் வேலை. பெயர் வாங்கியது லேகியம். பிரஷர் ஏறினால் பெரும்பாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது என்பதும் இவர்களுக்குத் தோதாகிவிட்டது. "நல்லாத்தான் இருக்கேன்டா" என்று அப்பாவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கிட்னியைக் கெடுப்பது மாத்திரை இல்லை, கட்டுக்குள் வராத பிரஷர்தான் என்பதையும் தலைகீழாகச் சொல்லி நம்ப வைத்திருக்கிறார்கள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை, அப்பாவின் இடது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்க்கிறார், விரல் மடங்கவில்லை. என்னவோ சொல்கிறார், வார்த்தை குழறுகிறது. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். பிரஷர் 210/118. முக்கால் மணி நேரத்தில் கை சரியாகிவிட்டது. அதற்காக விட்டுவிட முடியாது, இது பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பு என்றார் டாக்டர். கை தானாகச் சரியாகாமல் போயிருந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். அட்டெனலாலைத் திடீரென்று நிறுத்தியதற்கு எங்களுக்குத் தனியாகத் திட்டு. இதய நோய் உள்ளவர்களுக்கு அது மாரடைப்பு வரை கொண்டுபோய்விடுமாம்.

லேகிய டப்பாவை வாங்கிப் பார்த்தார் அந்த டாக்டரம்மா. பொருட்கள் பட்டியலில் மூன்றாவதாக அதிமதுரம். தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றுகிற பொருள் அது! கூடவே "இந்துப்பு எவ்வளவு வேணும்னாலும் சேர்த்துக்கலாம்" என்று ஒரு சீட்டு. இந்துப்பிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான்.

டப்பாவில் உரிம எண் இல்லை. பில்லில் "ஆரோக்கியப் பொருள்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. போன் ஸ்விட்ச் ஆஃப். மண்டபக்காரரைக் கேட்டால், "வாடகை கொடுத்தாங்க, போயிட்டாங்க தம்பி" என்கிறார்.

ரத்த அழுத்தத்தைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறோம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதே கூட்டத்திடம் வாங்கியவர்கள் டப்பாவையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்குத் தேவைப்படும். மாத்திரையை நிறுத்தியிருந்தால் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைக்கே பிரஷர் பாருங்கள். மாத்திரையும் அங்கே இலவசம்தான்.