விட்ஸின் 1கேஆர் எஞ்சின்: கொழும்பு ஓட்டத்துக்கு எவ்வளவு நம்பலாம்?

கொழும்பில் ஆயிரம் சிசி டொயோட்டா விட்ஸ் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலை, அடுத்தது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பது. பொனட்டைத் திறப்பது மூன்றாவதாகத்தான். திறந்தாலும் எஞ்சின் பளபளவென்று இருந்தால் மனம் குளிர்ந்துவிடுகிறது. விற்பனைக்கு முதல்நாள் கழுவிய எஞ்சினைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அழுக்கோடு சேர்ந்து ஒயில் கசிவின் அடையாளமும் கூலன்ட் கறையும் போயிருக்கும்.

எஞ்சினின் பெயர் 1கேஆர்-எஃப்ஈ. டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹட்சு உருவாக்கியது. 2004இல் பஸ்ஸோ, பூன் கார்களோடு வெளிவந்தது. மூன்று சிலிண்டர், 996 சிசி, சிலிண்டர் விட்டம் 71 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் ஏறக்குறைய 84. பன்னிரண்டு வால்வு, இரண்டு கேம் ஷாஃப்ட், இன்டேக் பக்கத்தில் மட்டும் வி.வி.ரி.-ஐ. (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு). பிளொக் அலுமினியம், உள்ளே இரும்பு லைனர். மொத்த எடை எழுபது கிலோ அளவுதான். ஒரு லீற்றருக்குட்பட்ட பிரிவில் 2007 தொடக்கம் 2010 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சர்வதேச எஞ்சின் விருதை இதுதான் வாங்கியது. கேஎஸ்பி90 (சேசிக் குறியீடு) விட்ஸில் 71 குதிரைவலு, 94 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. 2010 டிசம்பரில் வந்த கேஎஸ்பி130இல் 69, 92. இந்தச் சிறு வித்தியாசம் ஓட்டும்போது தெரியாது. நாலு பேரும் ஏசியுமாகக் கடுகண்ணாவை ஏற்றத்தில் இரண்டுமே ஒரேமாதிரித்தான் மூச்சு வாங்கும்.

2014 ஏப்ரலில் செய்த மாற்றம் முக்கியமானது. கொம்ப்ரஷன் விகிதம் 11.5 ஆக உயர்ந்தது, குளிரூட்டிய ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) சேர்ந்தது, ஜப்பானிய ஜேசி08 எரிபொருள் சோதனையில் லீற்றருக்கு 24.0 கிலோமீற்றர் என்ற கணக்கு வந்தது. பத்திரிகை விளம்பரங்களில் போடுவது இந்த 24ஐத்தான். கொழும்பு நெரிசலில் ஏசியோடு 11, 12 கிடைத்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நெடுந்தூரத்தில் 17, 18 வரும். 11.5 விகிதம் என்றதும் 95 ஒக்டேன் அடிக்கவேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. தேவையில்லை. ஜப்பானில் இது சாதாரண ரெகுலர் பெற்றோலுக்கு அமைத்த எஞ்சின், அங்கே ரெகுலர் என்பது 90, 91 ஒக்டேன் அளவு. நம்முடைய 92 தாராளம். மிச்சக் காசுக்கு நல்ல ஒயில் வாங்கலாம்.

ஒயில்தான் இந்த எஞ்சினின் உயிர். ஃபில்டரோடு மாற்றும்போது உள்ளே போவது சுமார் 3.1 லீற்றர் மட்டும். அந்தக் கொஞ்ச ஒயில்தான் பெயாரிங்குகளுக்கு மசகாகவும், ரைமிங் செயினைத் தளராமல் வைக்கும் ரென்ஷனரை அழுத்திப் பிடிக்கும் விசையாகவும், வி.வி.ரி. கியரைத் திருப்பும் திரவமாகவும் வேலை செய்கிறது. ரைமிங் பெல்ட் இல்லை என்பதால் பெல்ட் மாற்றும் செலவு மிச்சம். ஆனால் ஒயிலைப் பட்டினி போட்டால் அந்த மிச்சத்தைப் பல மடங்காகச் செயின் திருப்பி வாங்கிவிடும்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். ஜப்பானியக் கையேடு சாதாரண ஓட்டத்துக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், கடும் ஓட்டத்துக்கு 7,500 அல்லது ஆறு மாதம் என்கிறது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலையில் போகும் ஓட்டம் எந்த வகை என்று கேட்கவே வேண்டாம். சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் என்று வையுங்கள். 5,000 கிலோமீற்றர் ஓட எஞ்சின் 333 மணித்தியாலம் சுழல்கிறது. அதே நேரத்தில் சராசரி 60இல் போகிறவர் 20,000 கிலோமீற்றர் ஓடியிருப்பார். மீற்றர் இரண்டு வண்டிக்கும் வெவ்வேறு எண்ணைக் காட்டினாலும் ஒயில் பட்ட பாடு ஒன்றுதான். ஆகவே நகர ஓட்டத்துக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. 40,000 ஓடிய கொழும்பு வண்டியைவிட 90,000 ஓடிய நெடுந்தூர வண்டியின் எஞ்சின் உள்ளே சுத்தமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஒயிலின் தடிப்பு 0டபிள்யூ-20. 5டபிள்யூ-30உம் கையேடு அனுமதிப்பதே, ஒரு லட்சம் தாண்டிய எஞ்சினுக்கு அது நல்லது என்பது என் கருத்து. "இது சூடான நாடு, தடிப்பான ஒயில்தான் சரி" என்று 20டபிள்யூ-50 ஊற்றும் கராஜ்களை விட்டு விலகுங்கள். ஓடும் எஞ்சினின் உள்வெப்பத்தைத் தீர்மானிப்பது தெர்மோஸ்ரற். வெளியே 32 பாகையா 12 பாகையா என்பது அதற்குப் பெரிய வித்தியாசமில்லை. தடித்த ஒயில் காலையில் வி.வி.ரி. துளைகளுக்கு ஏறப் பிந்தும், அந்த இடைவெளியில் செயின் தளர்ந்து அடிக்கும். காலை முதல் ஸ்ரார்ட்டில் ஒரு விநாடிக்குமேல் கடகடவென்று உலோகச் சத்தம் கேட்டால் முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால், ஸ்கேனரில் பி0016 (கிராங்குக்கும் கேமுக்கும் நேரம் பிசகிய கோட்) விழுந்தால், செயின் நீண்டு ரென்ஷனர் அதன் எல்லைக்கு வந்துவிட்ட நிலை. செயின், ரென்ஷனர், இரண்டு கைட் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றவேண்டும்; செயினை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

ஒயில் பிந்தி மாற்றிய எஞ்சின்களில் பிஸ்டனின் ஒயில் ரிங் கரியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒயில் குடிக்கத் தொடங்கும். நீலப் புகை வருவதற்கு வெகு முன்பே ரிப் ஸ்ரிக்கில் (ஒயில் அளவுக் கம்பி) குறைவு தெரியும். 3.1 லீற்றரில் ஒரு லீற்றர் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், மஞ்சள் லைட்டோ சிவப்பு லைட்டோ அதுவரை எரியாது. சிவப்பு லைட் காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை, சமதரையில், எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். குறைந்தால் ரிங் என்று முடிவு கட்டுமுன், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கிலுகிலுவென்று ஆடாவிட்டால் அடைத்துவிட்டது. மலிவான சாமான், அதற்காக எஞ்சினைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த எஞ்சினின் பேர்போன பலவீனம் வோட்டர் பம்ப். அது வெளிப் பெல்ட்டில் ஓடுவது, அதனால் கையால் எட்டிப் பார்க்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டோர்ச் ஒன்றை எடுத்துப் பெல்ட் பக்கத்துக்குக் குனியுங்கள். பம்பின் புல்லிக்குப் பின்னால், கீழ்நோக்கி வழிந்து காய்ந்த இளஞ்சிவப்புப் பொடி, உப்புப் பூத்த மாதிரித் தடம் தெரிந்தால் சீல் கசியத் தொடங்கிவிட்டது. சொட்டுச் சொட்டாக விழாது. சூடான உலோகத்தில் பட்டு உடனே ஆவியாகி நிறம் மட்டும் மிஞ்சும். ஆகவே நிலத்தில் ஈரம் இல்லை என்பதை நம்பவேண்டாம். புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருந்தால் பெயாரிங்கும் முடிந்தது. பம்போடு கேஸ்கெற்றையும் பெல்ட்டையும் புதிதாகப் போடுங்கள்.

கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். டொயோட்டாவின் பிங்க் கூலன்ட் முதல் தடவை 160,000 கிலோமீற்றர் வரை தாங்கும், அதன்பின் 80,000க்கு ஒருமுறை. குழாய்த் தண்ணீர் கலந்த நாளிலிருந்து அந்தக் கணக்குச் செல்லாது. இதைவிட மோசமானது தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, கணினி குளிர் எஞ்சின் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும், ஒயிலில் பெற்றோல் கலக்கும், எமிஷன் டெஸ்ட்டில் கார்பன் மொனொக்சைட் கூடி நிற்கும். வருமான அனுமதிப் பத்திரத்துக்குப் போய்த் திரும்பி வரும்போதுதான் காரணம் தேடுவார்கள்.

நடுக்கம் பற்றிப் புகார் அதிகம். மூன்று சிலிண்டர், பெலன்ஸ் ஷாஃப்ட் கிடையாது, கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். டி கியரில், ஏசி போட்டு, பிரேக்கில் நிற்கும்போது ஸ்ரியரிங்கில் மெல்லிய அதிர்வு இயல்பு. கண்ணாடி ஆடி, டாஷ்போர்ட் கிரீச்சிட்டால் இயல்பில்லை. முதலில் மவுண்ட்: ஒருவர் பிரேக்கை அழுத்தி டி, ஆர் என்று மாற்ற, மற்றவர் எஞ்சின் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்கவேண்டும். அடுத்து திரொட்டில் பொடி, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடுள்ள பாகம். கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள், தகட்டை விரலால் பலவந்தமாகத் திறக்காதீர்கள். அது மின்மோட்டாரில் ஓடுவது. துடைத்தபின் ஐடில் சில நிமிடம் ஏறி இறங்கும், கணினி புதிதாகப் பழகும்வரை பொறுத்திருங்கள். 2014க்குப் பிந்திய வண்டியில் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்தாலும் இதே நடுக்கம் வரும்.

மிஸ்ஃபயர் என்றால் பி0301, 0302, 0303இல் ஒன்று விழும், கடைசி எண்தான் சிலிண்டர். அந்தச் சிலிண்டரின் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோட் கொயிலோடு இடம் மாறினால் கொயில் பழுது. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கொம்ப்ரஷன் என்ற வரிசையில் போங்கள். மூன்று சிலிண்டருக்கும் கொம்ப்ரஷன் வித்தியாசம் ஒரு பார் அளவைத் தாண்டக்கூடாது. இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீற்றர் தாங்கும், சாதாரணப் பிளக் இருபதாயிரம். பெட்டியில் இரிடியம் என்று அச்சடித்த போலிகள் சந்தையில் ஏராளம். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

சி.வி.ரி. (கியர் படிகள் இல்லாத ஓட்டோ கியர்பெட்டி) தனிக் கதை. கேஎஸ்பி90க்கு ரி.சி., கேஎஸ்பி130க்கு எஃப்.ஈ. என்ற டொயோட்டா சி.வி.ரி. ஒயில். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஊற்றக்கூடாது.

வாங்கும்போது செய்யவேண்டியது: எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கையில் போங்கள், "சூடாக்கி வைத்திருக்கிறோம்" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஒயில் மூடியைத் திறந்து உள்ளே தெரியும் கேம் பகுதியைப் பாருங்கள். தேன் நிறம் நல்லது; கறுத்த கிறீஸ் போலக் கட்டி இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சேசி இலக்கத்தைக் கொண்டு ஜப்பானிய ஏலத் தாளை எடுத்து மீற்றரோடு ஒப்பிடுங்கள்.

எஞ்சின் போய்விட்டால், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த 1கேஆர் கிடைக்கும். கேஎஸ்பி90 எஞ்சினை 2014க்குப் பிந்திய வண்டியில் பொருத்தலாம் என்று சொன்னால் ஏமாறாதீர்கள், ஈ.ஜி.ஆர்., சென்சர், கணினி எதுவும் ஒத்துவராது. ரைஸ் காரின் 1கேஆர்-விஈரி ரேர்போ எஞ்சின் இன்னும் தூரத்துச் சொந்தம். எதை மாற்றினாலும் எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுச் சான்றிதழில் இருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தாத வண்டியை விற்கப் போகும்போது வாங்குபவர் இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.