"ரெண்டே நாளில் தளம் திரும்பிவிடும்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

எங்கள் வாசகர் வட்டத்தின் இணையத்தளம் போன ஆண்டு காணாமல் போனது. ஹோஸ்டிங் நிறுவனம் கடையை மூடியபோது பேக்கப்பும் அதோடு போய்விட்டது. 2000களின் தொடக்கத்திலிருந்து சேர்த்த கதைகள், கவிதைகள், கூட்டக் குறிப்புகள். சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர், "ஆர்க்கைவ்ல எல்லாம் இருக்குண்ணே, ரெண்டே நாள்" என்றார். 1,200 வெள்ளி முன்பணம்.

ரெண்டு நாள் என்பது முழுப் பொய்யும் இல்லை, சூதே அங்கேதான். அவர் சொன்னது இன்டர்நெட் ஆர்க்கைவ்; இணையப் பக்கங்களின் பழைய படிகளை (நகல்களை) அது வேபேக் மெஷினில் வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் பக்கங்களை இறக்க ஒரு சின்ன நிரல் போதும். அவசரப்பட்டு இறக்கினால் அங்கே தடுத்துவிடுவார்கள். நிதானமாக எடுத்தாலும் எங்களுடையது போன்ற தளத்துக்கு ஓரிரு நாள்தான். மிச்ச வேலைக்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். முகப்புப் பக்கத்துக்கு ஏகப்பட்ட படிகள் இருக்கும், உள்ளே இருக்கும் கதைக்கு ஒன்றுகூட இருக்காது. கட்டுரை ஒரு வருஷத்துப் படி, அதிலுள்ள படம் வேறொரு வருஷத்துப் படி. டேட்டாபேஸ் அங்கே கிடையவே கிடையாது. தேடல், உறுப்பினர் பகுதியெல்லாம் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு தலைவலி. எங்கள் பழைய பக்கங்கள் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருந்தவை. இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல்தான். மனுஷன் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு, "ஃபான்ட் போட்டுக்குங்க" என்றார். பக்கத்துக்குப் பக்கம் தலையில் ஆர்க்கைவின் பட்டை. எந்தச் சுட்டியைத் தட்டினாலும் ஆர்க்கைவுக்கே போகிறது. அதைத்தான் யாரும் காசில்லாமல் பார்க்கலாமே! அதுவும் ரெண்டு நாளில் வரவில்லை. தாமதம் ஏன் என்றால், "ஆர்க்கைவை ஹேக் பண்ணிட்டாங்கண்ணே." அந்தத் தாக்குதல் நடந்தது 2024 அக்டோபரில். சில நாளிலேயே பழைய பக்கங்களைப் பார்க்க முடிந்தது. நாங்கள் வேலை கொடுத்ததோ அதற்கு வெகுநாள் கழித்து.

காசு கொடுக்குமுன் நீங்களே வேபேக் மெஷினில் உங்கள் முகவரியைப் போட்டு, முகப்போடு நிற்காமல் உள்பக்கங்களைத் திறந்து பாருங்கள். அங்கே இல்லாததை அவராலும் கொண்டுவர முடியாது. முகவரி 'எஸ்ஜி' என்று முடிந்தால் தேசிய நூலக வாரியத்தின் வெப் ஆர்க்கைவ் சிங்கப்பூரையும் பாருங்கள். அப்படிப்பட்ட தளங்களை உரிமையாளரிடம் அனுமதி கேட்காமலே படியெடுக்க 2019 முதல் அவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அப்புறம், பத்து உள்பக்கங்களை முழுசாகச் சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். எழுத்து, படம், சுட்டி எல்லாம் சரியாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

எங்கள் பணம் இன்னும் வரவில்லை. சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனலில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, ரெண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். "ரெண்டே நாள்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அச்செடுத்து வைத்திருக்கிறோம்.