பாபநாசம் படித்துறையா, சொரிமுத்தையனார் கோயிலா?

ஆடி அமாவாசைக்கு நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கூட்டம் பாபநாசம் ஆற்றில் இறங்கும். இன்னொரு கூட்டம் மலையேறிக் காரையாறு போகும்.

படித்துறையில் தர்ப்பை, எள், தண்ணீர். மூன்று தலைமுறைப் பெயரைச் சொன்னால் முடிந்தது. வீட்டில் வயதாகி இறந்துபோன தாத்தாவுக்கு அது போதும்.

காரையாற்றில் கதையே வேறு. சொரிமுத்தையனார் கோயிலில் கும்பிடும் பட்டவராயன் நம்ம முன்னோர் இல்லை. பட்டவராயன் ஆன முத்துப்பட்டன் என்ற பிராமணன், செருப்புத் தைக்கும் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டினான்; மாமனார் மாடுகளைக் காக்கப்போய் வெட்டுப்பட்டான்; பெண்கள் இருவரும் தீப்பாய்ந்தார்கள் என்கிறது வில்லுப்பாட்டு. இன்றும் அவனுக்குக் காணிக்கை தோல்செருப்பு. (பிராமணனுக்கு, கோயிலுக்குள்ளே!) அநியாயமாகச் செத்தவனுக்கு எள்ளுத்தண்ணீர் பத்தாது, கதையைப் பாடி, கொடை (கோயில் விழா) கொடுத்தால்தான் ஆறும். என் ஓட்டு இதற்கே.

கிடாவெட்டு பற்றிக் கேட்பவர்களுக்கு: 1950-ஆம் ஆண்டுப் பலித்தடைச் சட்டத்தை 2003-இல் அரசு கடுமையாக அமல்படுத்தியது, 2004-இல் அதை ரத்தே செய்துவிட்டது.

குழந்தைகளோடு போனால் பாபநாசம் லேசு. காரையாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போகணும்.