கல்லீரல் பற்றிக் கேட்டும் ஏமாற்றினார்கள்: பிளாக் கோஹோஷ் வாங்கும் முன் படியுங்கள்

இன்று காலைதான் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. பணம் திரும்ப வராது. மூன்று டப்பா பிளாக் கோஹோஷ், மாதவிடாய் நிற்கும்போது வரும் சூட்டுக்கென்று விற்கிற மூலிகை மாத்திரை; என் மாதச் சம்பளத்தில் கால்வாசி. ஆத்திரத்தில் கை நடுங்குகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மாதவிடாய் நிற்கிற வயது எனக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறும். நைட்டி நனைந்து முதுகில் ஒட்டும், அப்புறம் குளிரும். அப்படித் தூக்கம் கெட்ட ஒரு ராத்திரியில்தான் மூலிகை மாத்திரை விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் என் போன் எண்ணைக் கொடுத்தேன். மறுநாளே 'ஆலோசகர்' என்று ஒரு பெண் கூப்பிட்டார். இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். வீட்டில்கூட யாரும் என்னை அப்படி விசாரித்ததில்லை. அங்கேதான் விழுந்தேன். எனக்குக் கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது, சாப்பிடலாமா என்று வாய்விட்டுக் கேட்டேன். "வேர்தானேக்கா, ஒண்ணும் பண்ணாது. கேக்கலைன்னா முப்பது நாள்ல பணம் வாபஸ்."

மூன்றாம் வாரம் குமட்டல், சிறுநீர் அடர் பழுப்பு. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். பிளாக் கோஹோஷ் எடுத்தவர்களில் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. வட அமெரிக்கச் செடியின் வேர் இது. அதே பெயரில் வேறு ஆசிய இனங்களைக் கலந்து விற்பதும் நடக்கிறது. அந்த டப்பாவில் என்ன இருந்ததோ! பலனாவது உறுதியா என்றால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2012இல் 16 சோதனைகளைப் பார்த்துவிட்டு, போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். "மூலிகைக் கலவை". மில்லிகிராம் இல்லை, தாவரப் பெயர் இல்லை. பார்கோடுக்குக் கீழே எறும்பு எழுத்தில், கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவும்.

முதலில் "புகார் பதிவாகிவிட்டது" என்றார்கள். அப்புறம், ஒரு டப்பாவின் சீல் பிரித்ததால் மூன்றையும் திரும்ப எடுக்க முடியாதாம். அந்த ஆலோசகர் எண் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. இன்றைய பதில்: "எச்சரிக்கை லேபிளிலேயே இருக்கிறது, நீங்கள்தான் படிக்கவில்லை." வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டேனே! கால்வாசிச் சம்பளம் போச்சு.

விரிவாக யோசனை சொல்ல நினைத்தேன், இப்போது முடியவில்லை. டப்பாவில் ஆக்டேயா ரெசிமோசா என்ற இந்தச் செடியின் தாவரப் பெயரும் அளவும் இல்லையென்றால் தொடாதீர்கள். கல்லீரல் கோளாறோ மார்பகப் புற்றுநோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். கண் மஞ்சளானால், சிறுநீர் நிறம் மாறினால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். போனில் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.

எனக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் வாரம்.