எக்ஸ்ரே படத்தைக் கண்ணால் பார்க்காமல் வாலை வெட்டச் சம்மதிக்காதீர்கள்

வேட்டை நாய் வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். என் நாயின் வாலை ஒரு பொய்க்குப் பறிகொடுத்துவிட்டேன்.

அவன் லாப்ரடார், நான்கு வயது. பல வாரம் சும்மா இருந்தவனை அன்று குளிர்ந்த நீரில் இறக்கி, எறிந்த பொருளை நீந்தி எடுத்துவரும் பயிற்சியைக் காலை முழுவதும் கொடுத்தேன். வீடு திரும்பும்வரை வால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் பார்த்தால், அடியில் நான்கு விரற்கடை மட்டும் நீட்டியிருக்க, மிச்சம் ஈரக் கயிறுபோல் தொங்கியது. உட்காரப் போனவன் முனகி எழுந்தான்.

பதறி ஒரு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினேன். அங்கிருந்த மருத்துவர் வாலை இரண்டு முறை அழுத்தினார். “எலும்பு முறிந்து நரம்பும் செத்துவிட்டது, வெட்டாவிட்டால் அழுகிவிடும். வேட்டை நாய்க்கு வாலைக் குட்டியிலேயே வெட்டியிருக்க வேண்டும்” என்றார். லாப்ரடாருக்கு வால் வெட்டும் வழக்கமே கிடையாது. நீரில் அதுதான் அவனுக்குச் சுக்கான். அது தெரிந்தும் பயத்தில் வாயடைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே வெட்டிவிட்டார்கள். பில்லில் எக்ஸ்ரேவுக்கும் கட்டணம் இருந்தது. புண் இரண்டு முறை பிரிந்து மறுபடி தையல் போட வேண்டியதாயிற்று. இன்றும் அடிக்கட்டையைத் திரும்பித் திரும்பிக் கடிக்கிறான்.

அடுத்த ஆண்டு, என் பெண் நாய்க்கு அச்சு அசல் அதே தொங்கல். இம்முறை வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் எக்ஸ்ரே எடுத்து, முள்ளெலும்புகள் வரிசை குலையாமல் இருப்பதை விரல் வைத்துக் காட்டினார். ‘லிம்பர் டெயில்’ என்றார்: குளிர்ந்த நீர், பழக்கமில்லாத கடும் உழைப்பு, கூண்டில் நீண்ட நேரப் பயணம் ஆகியவற்றால் வாலின் அடித் தசைகள் பாதிக்கப்படுவது. பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரங்களில் சரியாகிவிடும். ஓய்வும் நாய்களுக்கான வலி மருந்தும் போதும் என்றார். (மனிதர்களின் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது நஞ்சாகலாம்.) ஐந்தாம் நாள் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்காக மட்டுமல்ல.

உடனே பழைய மருத்துவமனைக்குப் போய் அவனுடைய எக்ஸ்ரே படத்தைக் கேட்டேன். மூன்று முறை “தேடித் தருகிறோம்” என்றார்கள். நான்காம் முறை, அந்த வாரம் கருவி பழுதாகியிருந்தது, பில்லில் தவறுதலாக ஏறிவிட்டது என்றார்கள்.

வால் காயமே பொய் என்று நான் சொல்லவில்லை. முட்புதரில் புகுந்து வேலை செய்யும் ஸ்பானியல் இன நாய்க்கு வால் நுனி கிழிந்து, ஆட ஆட ரத்தம் தெறித்து, ஆறாமல் கடைசியில் வெட்ட வேண்டி வருவதுண்டு. ஸ்காட்லாந்தில் 2010–11 வேட்டைப் பருவத்தைப் பற்றிய ஆய்வில், வேலை நாய்களில் 13.5 சதவீதத்துக்கு வாலில் காயம் பட்டிருந்தது; வால் வெட்டாத ஸ்பானியல்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காயம். அதனால்தான் அங்கே நாய் வாலை வெட்டத் தடை விதித்திருந்த சட்டம் 2017இல் தளர்ந்தது. அதுவும் வேலைக்குப் போகும் ஸ்பானியல்களுக்கும், வேட்டையைத் தேடி, சுட்டி, எடுத்துவரும் இனங்களுக்கும் மட்டும். பிறந்து ஐந்து நாளுக்குள், கடைசி மூன்றில் ஒரு பங்கை மட்டும், மருத்துவர் கையால். லாப்ரடார் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

வாலில் கோணல் தெரிந்தாலோ, நுனியைக் கிள்ளினாலும் உணர்வில்லாமல் போனாலோ அது வேறு விஷயம். சிறுநீரோ மலமோ தன்னை மீறிப் போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். மற்றபடி காயமோ ரத்தமோ இல்லாமல் தொங்கும் வாலை வெட்ட அன்றே நாள் குறிப்பவரிடமிருந்து நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். படத்தைக் கேளுங்கள், அதன் நகலை வாங்குங்கள், இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் பில்லையும் சம்மதப் படிவத்தையும் வைத்து, மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பிடம் புகார் கொடுத்திருக்கிறேன்.