குமிழ் கடைய எந்த மரம்: கொக்கோபோலோவா, ஆப்பிரிக்க பிளாக்வுட்டா?

இழுப்பறைக்கோ நகைப்பெட்டி மூடிக்கோ ஒரு குமிழ் கடைய 25 மி.மீ. சதுரத் துண்டு போதும். செலவு கையைக் கடிக்காது என்பதால், தேக்கோடு நிறுத்தாமல் விலை கூடிய மரத்தில் கை வைக்கத் தோன்றும். தேடினால் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று மத்திய அமெரிக்காவின் கொக்கோபோலோ. இன்னொன்று தான்சானியா, மொசாம்பிக் பக்கத்து பிளாக்வுட். பிளாக்வுட்டைப் பார்த்தால் கருங்காலி என்றுதான் சொல்வோம், ஆனால் இரண்டுமே ஈட்டி மரத்துக்குத்தான் பங்காளிகள்.

உளி வேலையில் பிளாக்வுட்டை அடித்துக்கொள்ள முடியாது. கிளாரினெட்டும் ஓபோவும் இதில் செய்கிறார்கள் என்றால் இழை எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குமிழின் கழுத்தில் மெல்லிய வளையம் எடுத்தாலும் விளிம்பு உதிராது. 3.3 மி.மீ. துளை போட்டு எம்4 டேப்பை (4 மி.மீ. போல்ட்டுக்கு மரை வெட்டும் கருவி) இறக்கினால் மரத்திலேயே மரை விழும். டேப்பை அவ்வப்போது வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் இழுப்பறையின் உள்பக்கமிருந்து போல்ட்டை முடுக்கிவிடலாம், பசையே வேண்டாம்.

அதற்கு ஆகாதது சூடு. சுழலும் குமிழில் உப்புத்தாளை அழுத்திப் பிடித்தால் முனையில் மயிரிழை வெடிப்பு விழும். கருப்பு மரத்தில் அது உடனே தெரியாது, மெழுகு போட்டு மெருகேற்றிய பிறகுதான் பல்லைக் காட்டும். கூர்மையான ஸ்கிரேப்பரால் முடித்துவிட்டு, 400 நம்பர் தாளை லேசாகக் காட்டினால் போதும். இன்னொன்று: மெழுகு பூசி விற்கும் துண்டுகள் பல நேரம் உள்ளே ஈரமாகவே இருக்கும். அளவைவிடச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, சில வாரம் ஆறப்போடுங்கள்.

கொக்கோபோலோவை வாங்க வைப்பது நிறம். ஆரஞ்சும் சிவப்பும் கருங்கோடுமாக, கடையக் கடைய வெளியே வரும். தொல்லை அதன் எண்ணெய்தான். சாதாரணப் பசை பிடிக்காது. அசிட்டோனால் துடைத்து, அது காய்ந்த உடனே எபாக்சி (இரண்டு பொருளைக் கலந்து பூசும் பசை) வைக்க வேண்டும். பெட்டி வெளிர் மரம் என்றால் ஒட்டுவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் கசிந்து கறையாகும். ஆயில் வார்னிஷ் நாட்கணக்கில் பிசுபிசுக்கும், அடியில் ஷெல்லாக் என்ற அரக்கு மெருகு பூசினால் தப்பிக்கலாம்.

தூசி விஷயத்தில் இரண்டையும் நம்பக்கூடாது, கொக்கோபோலோவைச் சுத்தமாக நம்பக்கூடாது. பல காலம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் தோலில் தடிப்பு, மூச்சிரைப்பு என்று ஆரம்பிக்கலாம். அதன்பிறகு கொஞ்சம் தூசி பட்டாலே போதும். நல்ல மாஸ்க், முழுக்கைச் சட்டை, முடிந்தால் தூசி உறிஞ்சியும்.

என் கணக்கு இது. எட்டு இழுப்பறைக்கு ஒரே மாதிரிக் குமிழ் வேண்டுமென்றால் யோசிக்காமல் பிளாக்வுட். கருப்பில் இழை வேறுபாடு தெரியாது, ஜோடி சேர்க்கும் வேலை மிச்சம். கொக்கோபோலோவில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகம், பெட்டி மூடியில் ஒற்றைக் குமிழாக நின்றால்தான் அது அழகு. ஆனால் அந்த ஆரஞ்சு நிலைக்காது, வெளிச்சம் படப்பட அடர்பழுப்பாகிவிடும். இது தெரிந்தும் பிடித்தால் வாங்குங்கள். 2017 முதல், இந்த இரண்டும் ஈட்டியும் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வெளிநாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் இரண்டில் எந்த மரமானாலும் முதலில் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்.